ரிலே அவுட்புட் மாட்யூலுக்கு ஒயரிங்: புதிதாகப் பேனல் வேலைக்கு வருபவர்களுக்கு

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். சாயப்பட்டறை ஒன்றில் ஒரு பழைய பேனல். ஒரு அவுட்புட் விட்டு விட்டு வேலை செய்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். போனதும் மெஷினைப் புரோகிராம்படி ஓட்டும் கன்ட்ரோலரான பி.எல்.சி.யின் எம்.சி.பி.யை (அதன் சப்ளையை நிறுத்தும் பிரேக்கர்) இறக்கினேன். அதன் அவுட்புட் மாட்யூலில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்தன. அந்தத் தைரியத்தில், டெர்மினலில் ஆடிக்கொண்டிருந்த ஒயரை விரலால் பிடித்தேன். 110 வோல்ட் ஏ.சி. கையை உதறித் தள்ளியதில் முழங்கை பேனல் கதவின் விளிம்பில் பட்டுக் கிழிந்தது. மூன்று தையல்.

அந்தப் பேனலில் பி.எல்.சி.க்கு சப்ளை ஏ.சி.யை டி.சி.யாக்கும் ஒரு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வந்தது. கான்டாக்டர் (மோட்டாருக்குப் போகும் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் பெரிய ரிலே) காயில்களுக்கு சப்ளை கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து. நான் நிறுத்தியது முதலாவதை மட்டும்.

ரிலே அவுட்புட் என்பது ஒரு சுவிட்ச். அது தானாகக் கரண்ட் எதையும் கொடுப்பதில்லை. வேறு எங்கிருந்தோ வரும் கரண்டைச் சேர்க்கும், பிரிக்கும். மாட்யூலுக்கு உள்ளே இருக்கும் குட்டி ரிலேயின் காயில் பக்கம் பி.எல்.சி.யோடு சேர்ந்தது, கான்டாக்ட் பக்கம் நீங்கள் கொண்டுவந்து கொடுக்கும் சப்ளையோடு சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவே மின்சாரத் தொடர்பே கிடையாது. ரிலேயின் பலமும் ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. அதனால் எந்த ஒயரைத் தொடும் முன்பும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கான்டாக்டுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது, அதை எங்கே நிறுத்துவது? கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்தக் கேள்வியைச் சுற்றியே போகும்.

படி 1: லோடு பட்டியல்

ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் ஒரு தாள் எடுங்கள். ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் எழுதுங்கள்: என்ன லோடு (அது ஓட்டும் வால்வு, விளக்கு, காயில்), எத்தனை வோல்ட், ஏ.சி.யா டி.சி.யா, ஓடும்போது எவ்வளவு ஆம்பியர், ஆன் ஆகும் நொடியில் எவ்வளவு, மணிக்கு எத்தனை முறை ஆன்-ஆஃப். கடைசிக் கட்டத்தைத்தான் பெரும்பாலும் காலியாக விட்டுவிடுகிறார்கள். மாட்யூலைக் கொல்வதும் அதுதான்.

எடுத்துக்காட்டுக்கு, நம் பக்கம் அடிக்கடி கைக்கு வரும் சீமென்ஸ் எஸ்7-1200 வரிசையின் எஸ்.எம். 1222 ரிலே மாட்யூலைப் பார்ப்போம். ஒரு கான்டாக்டுக்கு 2 ஆம்பியர். 5 முதல் 30 வோல்ட் டி.சி., அல்லது 5 முதல் 250 வோல்ட் ஏ.சி. ஆனால் அதே டேட்டா ஷீட்டில் விளக்கு லோடு என்றால் டி.சி.யில் 30 வாட், ஏ.சி.யில் 200 வாட் என்று தனியாகப் போட்டிருக்கும். 230 வோல்ட்டை 2 ஆம்பியரால் பெருக்கினால் 460 வாட் வருகிறதே, ஏன் பாதிக்கும் கீழே இறக்கினார்கள்? குண்டு பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது ஆன் செய்தால், முதல் நொடியில் இழுக்கும் கரண்ட் ஓடும் கரண்டைப் போலப் பத்து மடங்குக்கும் மேலே போகும். கான்டாக்டர் காயிலும் அப்படித்தான், இழுத்துப் பிடிக்கும் வரை பல மடங்கு கேட்கும். எல்.இ.டி. விளக்குக்குள் இருக்கும் டிரைவர், சிறிய எஸ்.எம்.பி.எஸ். இவை பார்க்கச் சாதுவாக இருக்கும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் கணத்தில் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு இழுக்கும்.

டி.சி.யில் இன்னும் கவனம் வேண்டும். நம் 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. கான்டாக்ட் பிரியும்போது எழும் பொறி அடுத்த பூஜ்யத்தில் தானே அணைந்துவிடும். டி.சி.யில் அந்த வாய்ப்பே இல்லை. பொறி நீண்டு நின்று எரிந்து கான்டாக்டைத் தின்னும். ரிலேயின் முதுகில் 250 வோல்ட் ஏ.சி., 5 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து, அதில் 110 வோல்ட் டி.சி. சொலினாய்டை (வால்வைத் திறக்கும் காந்தச் சுருள்) போடாதீர்கள். அந்த வோல்ட்டேஜில் சாதாரண ரிலே ஒன்றால் ஆம்பியரில் ஒரு சிறு பங்கைத்தான் பிரிக்க முடியும். மேலே சொன்ன சீமென்ஸ் மாட்யூலில் டி.சி. எல்லையே 30 வோல்ட்தான்.

இனி அந்தக் கடைசிக் கட்டம். இந்த மாட்யூலின் கான்டாக்டுக்கு லோடு இல்லாமல் 1 கோடி முறை ஆயுள், முழு லோடில் 1 லட்சம் முறை. 1 லட்சம் பெரிய எண்ணாகத் தெரியும். 2 நொடிக்கு ஒருமுறை ஆன்-ஆஃப் ஆகும் ஹீட்டரை நேராக இதில் போட்டுப் பாருங்கள்: 1 லட்சத்தை 2 நொடியால் பெருக்கினால் 2 லட்சம் நொடி, சுமார் 55 மணி நேரம். திங்கள் காலை ஓட்டத் தொடங்கினால் புதன் பிற்பகலில் ஆயுள் கணக்கு தீர்ந்துவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை என்றாலும் நிற்காமல் ஓடும் மெஷினில் 70 நாள்தான். அடிக்கடி அடிக்கும் லோடுக்கு டிரான்சிஸ்டர் அவுட்புட்டும் எஸ்.எஸ்.ஆர்.ரும்தான் (அசையும் கான்டாக்ட் இல்லாத செமிகண்டக்டர் ரிலே) சரி. எஸ்.எஸ்.ஆர். ஆஃபில் இருக்கும்போதும் கொஞ்சம் கரண்டைக் கசியவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அதை நம்பி ஹீட்டரில் கை வைக்கக் கூடாது.

படி 2: நடுவில் ஒரு ரிலே

பட்டியல் கையில் இருந்தால் அடுத்த முடிவு எளிது. எந்த லோடை மாட்யூலிலிருந்து நேராக ஓட்டுவது, எதற்கு நடுவில் ஒரு ரிலே போடுவது? என் பழக்கம் இது: பேனலை விட்டு வெளியே போகும் எந்த ஒயரும் மாட்யூலின் கான்டாக்டை நேராகத் தொடக் கூடாது. வால்வு, மோட்டார் கான்டாக்டர், ஹூட்டர் எல்லாவற்றுக்கும் சாக்கெட்டில் செருகும் ஒரு ரிலே.

24 வோல்ட் டி.சி. காயில் உள்ள ஓம்ரான் எம்.ஒய்.2 ரிலே சுமார் 37 மில்லி ஆம்பியர் எடுக்கும். 2 ஆம்பியர் தாங்கும் மாட்யூல் கான்டாக்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, வருடக்கணக்கில் ஓடும். வெளியே கேபிள் நசுங்கி ஷார்ட் ஆனாலும் போவது அந்தச் சின்ன ரிலேதான். இரவு ஷிப்டில் இருப்பவரே சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வேறு ஒன்றைச் செருகிவிடுவார். மாட்யூலை மாற்ற வேண்டும் என்றால் மெஷின் நிற்கும், லேப்டாப்போடு ஆள் வர வேண்டும். ரிலேக்கு ஆகும் செலவைப் பார்த்துத் தயங்கும் முதலாளிக்கு இந்த இரண்டு நிலைமைகளையும் பக்கத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

லோடு மிகச் சிறியதாக இருந்தாலும் சிக்கல் உண்டு. வேறொரு பேனலின் இன்புட்டுக்குச் சில மில்லி ஆம்பியர் சிக்னல் மட்டும் கொடுக்கிறீர்கள் என்றால், வெள்ளிக் கலவை கான்டாக்டின் மேல் படியும் மெல்லிய படலத்தை உடைக்க அந்தக் கரண்ட் போதாது. அங்கே தங்க முலாம் பூசிய கான்டாக்ட் உள்ள ரிலே போட வேண்டும். அதில் ஒரே ஒரு முறை பெரிய லோடை ஓட்டினாலும் முலாம் எரிந்துவிடும், பிறகு அது சாதாரண ரிலேதான்.

படி 3: எல்லா சப்ளையையும் நிறுத்துவது

பேனலுக்குள் எத்தனை சப்ளை வருகிறது என்று டிராயிங்கைப் பார்த்து எண்ணுங்கள். மெயின் இன்கமர், கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர், யு.பி.எஸ்., எஸ்.எம்.பி.எஸ். இவற்றை எல்லோரும் எண்ணிவிடுவார்கள். தப்புவது, பக்கத்துப் பேனலிலிருந்து இன்டர்லாக்குக்காக (ஒன்று ஓடும்போது மற்றது ஓடாமல் தடுக்க) வரும் இரண்டு ஒயர். உங்கள் மெயினை இறக்கினாலும் அது உயிரோடு இருக்கும். மெயினை அணைத்தாலும் உயிரோடு நிற்கும் ஒயருக்கு ஆரஞ்சு நிறம் போடச் சொல்கிறது ஐ.இ.சி. 60204-1 தரம். ஆரஞ்சு ஒயர் கண்ணில் பட்டால் நின்று யோசியுங்கள். ஆரஞ்சு இல்லாததால் ஆபத்து இல்லை என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள், பழைய பேனல்களில் எல்லாம் ஒரே நிறமாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு சப்ளையையும் இறக்கிப் பூட்டுப் போடுங்கள். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள். உள்ளே வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) இருந்தால் அதன் மேல் எழுதியிருக்கும் நிமிடங்கள் முழுக்கக் காத்திருங்கள், கெப்பாசிட்டரில் நிற்கும் கரண்ட் இறங்க அவ்வளவு நேரம் வேண்டும்.

பிறகு மல்டிமீட்டர். முதலில் கரண்ட் இருப்பது உறுதியான ஓரிடத்தில் வைத்துப் பாருங்கள், மீட்டர் காட்டுகிறதா? அடுத்து நீங்கள் வேலை செய்யப்போகும் டெர்மினல்களில், ஒவ்வொன்றாக, எர்த்துக்கும் நியூட்ரலுக்கும், டி.சி. சர்க்யூட்டில் மைனஸுக்கும். மீண்டும் கரண்ட் உள்ள இடத்தில். கடைசிப் பரிசோதனை எதற்கு என்றால், நடுவில் மீட்டரின் லீட் அறுந்திருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். ஏ.சி.க்கும் டி.சி.க்கும் தனித்தனியாக மாற்றிப் பாருங்கள். சட்டைப் பையில் இருக்கும் நியான் டெஸ்டரை இதற்கு நம்பாதீர்கள். 24 வோல்ட்டில் அது எரியவே எரியாது.

சில நேரம் அணைத்த ஒயரில் மீட்டர் 40, 60 வோல்ட் என்று காட்டும். பக்கத்தில் நீளமாக ஓடும் உயிருள்ள ஒயரிலிருந்து தாவி வரும் பொய் வோல்ட்டேஜாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதோடு விடாமல், குறைந்த இம்பிடன்ஸ் வசதி உள்ள மீட்டரால் பார்த்து உறுதி செய்யுங்கள். உண்மையான சப்ளை என்றால் இறங்காது.

படி 4: மாட்டுவது

இது சுருக்கமான வேலை. பேனலில் துளை போடும் வேலை எல்லாம் மாட்யூல் உள்ளே வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒரு பிசிறு இரும்புத்தூள் உள்ளே விழுந்தால் ஆறு மாதம் கழித்துப் பழுதாக எழும். 35 மி.மீ. டின் ரெயில் எர்த் ஆகியிருக்கிறதா பாருங்கள். மேலும் கீழும் காற்றுக்கு இடம் விடுங்கள், எஸ்7-1200க்கு 25 மி.மீ. ரெயிலைப் படுக்கையாகவே வையுங்கள். நெட்டுக்குத்தாக வைத்தால் அது தாங்கும் வெப்பநிலை 10 டிகிரி குறையும், நம் ஊர் மே மாதத்தில் அந்த 10 டிகிரி பெரிய விஷயம். எஸ்7-1200 மாட்யூலைக் கரண்ட் இருக்கும்போது செருகவோ பிடுங்கவோ கூடாது.

படி 5: காமன், பியூஸ், லக்

எட்டு அவுட்புட் என்றால் எட்டு தனி சுவிட்ச் என்று நினைக்க வேண்டாம். பல மாட்யூல்களில் சில கான்டாக்டுகளைச் சேர்த்து ஒரு காமன் (பொது டெர்மினல்) கொடுத்திருப்பார்கள். ஒரே காமனில் வரும் அவுட்புட் எல்லாவற்றுக்கும் ஒரே சப்ளைதான். அதனால் 230 வோல்ட் லோடுகளை ஒரு காமனிலும் 24 வோல்ட் லோடுகளை வேறொரு காமனிலும் பிரியுங்கள், முடிந்தால் வேறு மாட்யூலிலேயே வையுங்கள். இரண்டு வெவ்வேறு பேஸ்களை ஒரே மாட்யூலுக்குக் கொண்டுவராதீர்கள், பக்கத்து ஸ்க்ரூக்களுக்கு நடுவே 415 வோல்ட் நிற்கும். காமனுக்கும் தனி எல்லை உண்டு. கான்டாக்டுக்கு 2 ஆம்பியர் என்றாலும், நம் எடுத்துக்காட்டு மாட்யூலில் காமனுக்கு மொத்தம் 10 ஆம்பியர்தான்.

காமனில் பேஸைக் கொடுங்கள், டி.சி.யில் பிளஸை. நியூட்ரலும் மைனஸும் லோடின் மறுமுனைக்கு நேராகப் போகட்டும். மாற்றிப் போட்டாலும் மெஷின் ஓடும், அதுதான் ஆபத்து. கான்டாக்ட் நியூட்ரல் பக்கம் இருக்கிறது என்று வையுங்கள். காயிலிலிருந்து கான்டாக்டுக்கு வரும் ஒயர் தோல் உரிந்து பேனல் பாடியில் படுகிறது. நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்தது என்பதால் சர்க்யூட் பாடி வழியாகவே முழுமையாகிவிடும். பி.எல்.சி. சொல்லாமலே கான்டாக்டர் இழுக்கும், மோட்டார் தானாக ஓடும், அங்கே ஒருவர் கை வைத்திருக்கலாம். பேஸ் பக்கம் கான்டாக்ட் இருந்தால், அவுட்புட் ஆன் ஆகும்போது அதே பழுது பியூஸை எரித்துவிட்டு நின்றுவிடும். கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் ஒரு முனையை எர்த் செய்வதும் இதற்காகத்தான்.

பல மாட்யூல்களில் ரிலே அவுட்புட்டுக்கு உள்ளே பியூஸ் கிடையாது. காமனுக்கு ஒரு பியூஸ் கட்டாயம், முக்கியமான அவுட்புட்டுகளுக்குத் தனித்தனி பியூஸ் டெர்மினல் போட்டால் நல்லது. எந்த வால்வு ஷார்ட் என்று தேடி எட்டு கேபிளையும் கழற்ற வேண்டியதில்லை.

இனி ஒயர் முனை. நம் பட்டறைகளில் ஃபெரூல் என்றால் நம்பர் அச்சிட்ட குழாய். வெளிநாட்டுக் கையேட்டில் அதே சொல் முனையில் கிரிம்ப் செய்யும் பின் லக்கைக் குறிக்கும். கையேட்டைப் படித்துவிட்டுக் கடைக்குப் போய்த் தவறானதை வாங்கி வருவார்கள், கவனம். ஒயரை 7 மி.மீ. போல உரியுங்கள், ஒரு இழைகூட அறாமல். அறுந்தால் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள். முதலில் நம்பர் குழாயை மாட்டுங்கள், பிறகு லக், பிறகு கிரிம்பிங் டூல். கட்டிங் பிளேயரால் நசுக்கியது கிரிம்பிங் ஆகாது. இரண்டு ஒயர் ஒரு டெர்மினலுக்குப் போனால் இரட்டை லக் போடுங்கள். முனையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஈயம் மெதுவாக நகர்ந்து, சில மாதத்தில் இணைப்பு தளர்ந்து சூடாகும். வேண்டவே வேண்டாம்.

ஸ்க்ரூவை முறுக்கும் அளவு கையேட்டில் இருக்கும், எஸ்7-1200க்கு அதிகபட்சம் 0.56 நியூட்டன் மீட்டர். சிறிய ஸ்க்ரூடிரைவரைக் கட்டைவிரலும் இரண்டு விரலும் பிடித்துத் திருப்பினாலே போதும். முறுக்கியதும் ஒவ்வொரு ஒயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள். அந்த ஓர் இழுப்பில்தான் சில நேரம், கவ்வ வேண்டிய இடத்துக்கு வெளியே நுழைந்த லக் கையோடு வரும்.

படி 6: காயிலின் உதை

காயில், சொலினாய்டு இவற்றின் கரண்டைத் திடீரென்று பிரித்தால் அவை திருப்பி உதைக்கும். 24 வோல்ட் காயில்கூட அந்தக் கணத்தில் சில நூறு வோல்ட் எழுப்பும். அது கான்டாக்டில் பொறியாகவும், பக்கத்து அனலாக் ஒயரில் இரைச்சலாகவும் போகும்.

டி.சி. காயிலுக்கு ஒரு 1என்4007 டையோடு போதும். வெள்ளிக் கோடு உள்ள முனை பிளஸ் பக்கம். திருப்பிப் போட்டால் ஆன் செய்ததும் நேர் ஷார்ட். டையோடைக் காயிலின் கால்களிலேயே போடுங்கள், பேனலில் வைத்தால் உதை கேபிள் முழுக்கப் பயணம் செய்துதான் அங்கே வரும். டையோடு போட்ட காயில் விடுவதற்குக் கொஞ்சம் தாமதமாகும் என்பதும் நினைவிருக்கட்டும். பிரேக், கிளாம்ப் போல உடனே விட வேண்டியவற்றுக்கு ஜெனர் டையோடும் சேர்த்த வகை வேண்டும்.

ஏ.சி. காயிலுக்கு டையோடு ஆகாது. 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்த ஆர்.சி. ஸ்னப்பர், அதுவும் காயிலின் குறுக்கே. கான்டாக்டின் குறுக்கே போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 0.1 மைக்ரோ ஃபாரட் வழியே சுமார் 7 மில்லி ஆம்பியர் எப்போதும் கசியும். அவுட்புட் ஆஃப், ஆனால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும், சின்ன ரிலே இழுத்தது விடாது. 'ஆஃப் ஆக மாட்டேன் என்கிறது' என்று வரும் புகார்களில் இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 7: பி.எல்.சி.யை நம்பி விடக் கூடாதவை

ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு நல்ல கம்பெனி மாட்யூலாக இருந்தாலும் ஒருநாள் அது நடக்கலாம். அப்போது புரோகிராமில் அவுட்புட் ஆஃப், விளக்கும் ஆஃப், மெஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் எமர்ஜென்சி ஸ்டாப் சாதாரண பி.எல்.சி.யின் இன்புட்டுக்கு வந்து புரோகிராம் வழியாக அவுட்புட்டை நிறுத்துவதாக மட்டும் இருக்கக் கூடாது. எமர்ஜென்சி பட்டன், சேஃப்டி ரிலே, அதன் கான்டாக்ட் வழியாக அவுட்புட் காமனின் சப்ளை, மெயின் கான்டாக்டர். இந்தப் பாதை ஒயரிலேயே இருக்க வேண்டும். பட்டனின் என்.சி. (அழுத்தாதபோது மூடியிருக்கும்) கான்டாக்டைப் பயன்படுத்துங்கள். ஒயர் அறுந்தால் மெஷின் நிற்கும் பக்கமாகப் போகும். எமர்ஜென்சி நிலவரத்தைப் பி.எல்.சி.க்கும் ஒரு இன்புட்டாகக் கொடுக்கலாம், தகவலுக்காக.

முன்னும் பின்னும் ஓடும் மோட்டாருக்குப் புரோகிராமில் இன்டர்லாக் போட்டாயிற்று என்று விடாதீர்கள். ஒன்றை ஆஃப் செய்த அதே நொடியில் மற்றதை ஆன் செய்தால், முதல் கான்டாக்டர் விடும் முன்பே இரண்டாவது இழுத்துப் பேஸோடு பேஸ் ஷார்ட் ஆகும். ஒன்றின் என்.சி. கான்டாக்ட் மற்றதன் காயிலோடு தொடரில், கூடவே மெக்கானிக்கல் இன்டர்லாக், புரோகிராமில் ஒரு சிறு தாமதம். மூன்றும் வேண்டும். கான்டாக்டரின் துணைக் கான்டாக்டை இன்புட்டாகக் கொண்டுவந்தால், ஒட்டிக்கொண்ட கான்டாக்டை முதல் முறையிலேயே பிடித்துவிடலாம்.

படி 8: முதல் முறை ஆன் செய்வது

லோடு பக்கம் உள்ள பியூஸ்களை எல்லாம் திறந்து வையுங்கள். பி.எல்.சி.க்கு மட்டும் சப்ளை கொடுங்கள். அவுட்புட்டுகளை ஒவ்வொன்றாக ஆன் செய்து 'டிக்' சத்தம் கேளுங்கள். புரோகிராமில் ஆன் ஆகியும் சத்தமே இல்லையா? சில மாட்யூல்களில் ரிலே காயில்களுக்கென்று தனியாக 24 வோல்ட் கொடுக்க வேண்டும். அதை மறந்திருப்பீர்கள், எஸ்.எம். 1222லும் அந்த டெர்மினல் உண்டு. சத்தம் வந்தால் மல்டிமீட்டரின் பஸ்ஸரில் கான்டாக்டைப் பாருங்கள், காமன் பக்கம் சப்ளை இல்லை என்பதை உறுதி செய்த பிறகு.

அடுத்து ஒரு பியூஸ் மட்டும் மூடுங்கள். மெஷின் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும், ஆன் செய்யப்போகிறேன் என்று சொல்லி, அவர் சரி என்ற பிறகு ஆன். வால்வு திறந்ததை அவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும், திரையில் தெரிவது கணக்கில்லை. அடுத்த பியூஸ். எல்லாம் முடிந்ததும் பி.எல்.சி.யை ஸ்டாப்பில் போட்டு அவுட்புட்டுகள் விழுகின்றனவா, இல்லை கடைசி நிலையிலேயே நிற்கின்றனவா என்று பாருங்கள். எப்படி நிற்க வேண்டும் என்பது கட்டமைப்பில் நாம் தேர்ந்தெடுப்பது, அதைத் தற்செயலுக்கு விட வேண்டாம். எமர்ஜென்சியை மெஷின் ஓடும்போது அழுத்திப் பாருங்கள்.

வேலையின்போது மாற்றிய ஒயர் நம்பர்களைச் சிவப்புப் பேனாவால் டிராயிங்கில் திருத்தி, கதவின் உள்ளே இருக்கும் பையில் வையுங்கள். மாட்யூலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர்: 'கான்டாக்டில் 110 வோல்ட், கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து, நிறுத்த வேண்டியது இந்த எம்.சி.பி.' என்று அதன் நம்பரோடு எழுதுங்கள். அந்தச் சாயப்பட்டறைப் பேனலில், தையல் பிரித்த வாரம் போய் நான் ஒட்டியது இதைத்தான்.